வீட்டுக் கொட்டகையில் உருவான காரும் அதன் எஞ்சின் கோளாறுகளும்

பழைய அம்பாசடர் ஒன்றின் உடலும், வேறொரு வண்டியிலிருந்து கழற்றிய எஞ்சினும், மூன்றாவது வண்டியின் டிஸ்ட்ரிப்யூட்டரும், எங்கிருந்து வந்ததென்று விற்றவருக்கே நிச்சயமில்லாத ஒரு கார்புரேட்டரும் ஒருங்கே சேர்ந்து, தென்னந்தோப்பின் ஓரத்துத் தகரக் கொட்டகையில் ஒரு காராக உருப்பெற்று, முதல்முதலாக உறுமி எழுந்த மறுகணமே இருமித் தடுமாறி அடங்கிவிடுகிறபோது, அதைக் கட்டியவருடைய மனத்தில் எழுகிற கேள்வி ஒன்றுதான்: குற்றம் எங்கே இருக்கிறது? அந்தக் கேள்விக்கு விடை காணும் மார்க்கங்களை, நாஞ்சில் நாட்டுச் சூழலையும் கருத்தில் கொண்டு, முழுமையாக ஒருமுறை பரிசீலிப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

தொழிற்சாலையிலிருந்து வந்த வண்டிக்கு ஒரு பூர்வ நிலை உண்டு. என்றோ ஒருநாள் அது செம்மையாக ஓடியிருக்கிறது. அதன் உறுப்புகள் ஒன்றுக்கொன்று பொருந்தும் என்பதை யாரோ பரீட்சித்துப் பார்த்திருக்கிறார்கள். ஆகவே அதில் கோளாறு தோன்றினால், அந்த நிலையிலிருந்து எது வழுவியது என்று தேடினால் போதும். வீட்டில் கட்டிய வண்டிக்கு அத்தகைய பூர்வ நிலை இல்லை. அது ஒருநாளும் நன்றாக ஓடியதில்லை. அதன் ஒவ்வோர் உறுப்பும் தனித்தனியே குற்றமற்றதாக இருக்கலாம். எனினும் அவை ஒன்றோடொன்று இன்னும் இசையாமல் இருக்கலாம். எனவே இங்கே ‘எது கெட்டது?’ என்ற கேள்வியைவிட ‘எது எதனோடு பொருந்தவில்லை?’ என்ற கேள்வியே முதன்மையானது. இதை உணராதவர்கள் எல்லாருமே, எஞ்சின் சற்றே முரண்டு பிடித்ததும் ஸ்குரூ டிரைவரை எடுத்துக்கொண்டு கார்புரேட்டரை நோக்கிப் போகிறார்கள். கார்புரேட்டரின் திருகாணியில் கை வைப்பது இந்த விசாரணையின் கடைசிப் படி என்பதே என் தீர்மானமான அபிப்பிராயம்.

உதிரியாக வந்ததை உள்ளூரில் முழுமையாக்குவது இந்தப் பிரதேசத்துக்குப் புதிதன்று. 1938 பிப்ரவரி 20-இல் அன்று நாஞ்சில் நாட்டையும் உள்ளடக்கியிருந்த திருவிதாங்கூர் சமஸ்தானம் தன் அரசுப் போக்குவரத்தைத் தொடங்கியபோது கப்பலில் வந்தவை காமர் சேஸிஸும் பெர்க்கின்ஸ் டீசல் எஞ்சினுமே. பஸ்ஸின் உடலை, லண்டன் போக்குவரத்தில் பணியாற்றி வந்த சால்ட்டர் என்பவரின் மேற்பார்வையில், இங்குள்ள தொழிலாளர்களே கட்டினார்கள். கோயம்புத்தூரில் ஜி.டி. நாயுடு தம் இளமையில் ஒரு வெள்ளைக்கார அதிகாரியின் மோட்டார் சைக்கிளை வாங்கி, அதைப் பிரித்துப் பிரித்துப் பூட்டியே யந்திர ஞானம் பெற்றார் என்பதைத் தமிழகம் அறியும். உத்தரபாராவில் 1950-களின் பிற்பகுதியில் பிறந்து 2014-இல் உற்பத்தி நின்றுபோன அம்பாசடர், பம்பாய்க் குர்லாவில் உருவான பியட், ரப்பர்த் தோட்டங்களில் உழைத்துத் தேய்ந்த வில்லிஸ் ஜீப் ஆகிய இவையே இன்றைக்கும் நம் மாவட்டத்துக் கொட்டகைகளில் மறுபிறவிக்குக் காத்திருக்கின்றன.

நாஞ்சில் நாட்டு வர்ம ஆசான்கள் அடிபட்டு வந்தவனை உடனே தொட்டுவிடுவதில்லை. எப்போது விழுந்தான், எந்தப் பக்கம் விழுந்தான், விழுந்த நேரத்தில் மூச்சு எப்படி இருந்தது என்று விசாரித்த பிறகே விரல் வைப்பார்கள். வலி தோன்றும் இடம் வேறு, காரணம் இருக்கும் இடம் வேறு என்பது அவர்கள் சாஸ்திரத்தின் ஆதாரம். எஞ்சினுக்கும் இதுவே முறை. எனக்குத் தொழிலின் அரிச்சுவடியைச் சொல்லித் தந்த வடசேரி மேஸ்திரி ஒருவர், என் வண்டியின் அருகே வந்து நின்று, கருவிகளில் ஒன்றையும் தொடாமல், “மக்ளே, கார்பரேட்டருல கைய வைக்காத கேட்டியா, மொதல்ல மூச்சப் பாரு, பொறவு கரண்டப் பாரு, பெட்ரோலு கடசீல” என்று சொன்னார். அந்த வரிசையையே இங்கே பின்பற்றுகிறேன்.

மூச்சு என்று அவர் சொன்னது எஞ்சினின் கம்ப்ரஷனையும், அது காற்றை உள்ளிழுக்கும் வலிமையையும். எஞ்சினைச் சூடாக்கி, நான்கு பிளக்குகளையும் கழற்றி, ஆக்சிலேட்டரை முழுக்க அழுத்திப் பிடித்துக்கொண்டு, கம்ப்ரஷன் கேஜை ஒவ்வொரு துளையிலும் வைத்து ஸ்டார்ட்டரால் சுற்ற வேண்டும். கிடைக்கும் அளவு அதிகமா குறைவா என்பதைவிட நான்கும் சமமா என்பதே முக்கியம். ஒன்றுக்கொன்று நூற்றுக்குப் பத்துக்கு மேல் வேறுபாடு இருந்தால் டியூனிங்கைப் பற்றிப் பேசுவதில் பயனில்லை. குறைந்து காட்டும் சிலிண்டரில் ஒரு கரண்டி எஞ்சின் ஆயிலை விட்டு மீண்டும் அளந்து, அளவு உயர்ந்தால் ரிங் தேய்ந்திருக்கிறது என்றும், உயராவிட்டால் வால்வு சரியாக அமரவில்லை என்றும், அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர்கள் சேர்ந்து குறைந்தால் அவற்றின் நடுவே ஹெட் கேஸ்கட் போயிருக்கிறது என்றும் கொள்ளலாம். பழைய எஞ்சின்களில் வால்வைச் சந்தேகிப்பதற்கு ஒரு பிரத்தியேகக் காரணமும் உண்டு. இந்தியாவில் ஈயம் கலந்த பெட்ரோல் 2000-ஆம் ஆண்டில் நிறுத்தப்பட்டது. அதுவரை அந்த ஈயமே எக்ஸாஸ்ட் வால்வுக்கும் அதன் இருக்கைக்கும் இடையில் ஒரு மெல்லிய காப்பாக இருந்தது. அது போன பிறகு, இருக்கை கடினப்படுத்தப்படாத ஹெட்டுகளில் வால்வு சிறிது சிறிதாக உள்ளே புதைந்து, டேப்பட் இடைவெளி தானாகவே குறைந்துவிடுகிறது. சத்தமில்லாத டேப்பட்டை ஆரோக்கியத்தின் அடையாளமாக எண்ணுகிறவர்கள் பலர். இடைவெளி அற்றுப்போன வால்வு மூடாமல் நின்று எரிந்துபோவதும் அதே மௌனத்தில்தான்.

கம்ப்ரஷன் சரியென்று கண்டபின் இன்டேக் மேனிபோல்டில் வேக்கம் கேஜைப் பொருத்திப் பார்ப்பது, நான் அறிந்த பரீட்சைகளுள் மிகக் குறைந்த செலவில் மிக அதிகம் சொல்லக்கூடியது. கடல் மட்டத்துக்கு அருகிலுள்ள நாகர்கோவில் போன்ற ஊரில், நல்ல எஞ்சின் ஸ்லோவில் ஓடும்போது, முள் 17 முதல் 21 அங்குலத்துக்குள் அசையாமல் நிற்க வேண்டும். சீரான இடைவெளியில் முள் வெட்டி வெட்டி விழுந்தால் ஒரு வால்வு குற்றவாளி; அசையாமல் நின்றாலும் தாழ்வாக நின்றால் டைமிங் பின்தங்கியிருக்கிறது அல்லது எங்கோ ஏர் பிடிக்கிறது; மெதுவாக இங்குமங்கும் ஊசலாடினால், அப்போதுதான் கலவையைப் பற்றி யோசிக்க வேண்டும்.

ஏர் பிடிப்பது என்பது வீட்டில் கட்டிய வண்டிகளின் தலையாய வியாதி. வெவ்வேறு வண்டிகளிலிருந்து வந்த மேனிபோல்டும் ஹெட்டும் சேரும் முகங்கள் சமதளமாக இருப்பதில்லை. கார்புரேட்டருக்கும் மேனிபோல்டுக்கும் இடையில் வைத்த பேக்கிங்கின் துளை ஒரு பக்கம் பெரிதாகி வெளியே திறந்துவிடுகிறது. பிரேக் பூஸ்டருக்குப் போகிற பழைய ரப்பர்க் குழாய் வெளியே பளபளத்தும் உள்ளே பிளந்தும் இருக்கிறது. இவை எல்லாவற்றினும் மறைவானது கார்புரேட்டரின் திராட்டில் ஸ்பிண்டில் தேய்மானம். அந்தச் சிறு தண்டு பல்லாண்டுகள் சுழன்று தன் துளையை நீள்வட்டமாக்கிவிட, அளக்கப்படாத காற்று அதன் வழியே புகுகிறது. தண்டு ஒவ்வொரு முறையும் ஒவ்வோர் இடத்தில் அமர்வதால் புகுகிற காற்றும் ஒவ்வொரு முறையும் வேறுபடுகிறது. இன்று காலையில் சரியாக வைத்த ஸ்லோ மாலையில் மாறிவிடுகிறதென்றால், திருகாணியைத் திருப்பிக்கொண்டிருப்பதை நிறுத்திவிட்டு, அந்தத் தண்டை விரலால் பற்றி மேலும் கீழும் அசைத்துப் பார்க்க வேண்டும். ஆட்டம் இருந்தால் லேத் பட்டறையில் பித்தளை புஷ் போடுவதொன்றே பரிகாரம். ஏர் புகும் இடத்தைக் கண்டுபிடிக்கச் சிலர் பெட்ரோலைத் தெளித்துப் பார்க்கிறார்கள். சூடான எக்ஸாஸ்ட்டின் மேல் அது விழுந்தால் தீப்பிடித்துவிடும் என்பதால், இணைப்புகளின்மேல் எண்ணெய்க் குப்பியால் கனமான ஆயிலைச் சொட்டுவதே உத்தமம். ஒழுக்கு அடைபடும் கணத்தில் எஞ்சினின் குரல் மாறுவதைக் காது தவறவிடாது.

அடுத்தது கரண்ட். எஞ்சின் மிஸ் அடிக்கிறது, பிக்கப் இல்லை, பின்னால் வெடிக்கிறது என்று சொல்லப்படும் புகார்களில் பெரும்பகுதி கார்புரேட்டரின் பெயரில் எழுதப்பட்டாலும் தீப்பொறியின் கணக்கில் சேர வேண்டியவை. நான்கு சிலிண்டர் எஞ்சின் நிமிஷத்துக்கு 3000 சுற்றுச் சுற்றும்போது, டிஸ்ட்ரிப்யூட்டரின் பாயிண்ட் ஒரு வினாடிக்கு நூறு முறை திறந்து மூடுகிறது. அந்தச் சின்னஞ்சிறு உலோக உதடுகளுக்கிடையே, அம்பாசடரின் லூகாஸ் வகை டிஸ்ட்ரிப்யூட்டரில், 0.014 முதல் 0.016 அங்குலம் வரை இடைவெளி இருக்க வேண்டும். இந்த இடைவெளியை மாற்றினால் டைமிங்கும் மாறும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்: இடைவெளி விரிந்தால் பொறி முந்துகிறது, தேய்ந்து சுருங்கினால் பிந்துகிறது. ஆகவே பாயிண்டை முதலிலும் டைமிங்கைப் பிறகும் வைக்க வேண்டுமே தவிர, மாற்றி வைத்தால் இரண்டு வேலையும் வீண். பாயிண்ட்டில் நீலமாகப் பொறி பறந்து ஒரு முகத்தில் மேடும் மறுமுகத்தில் பள்ளமும் விழுந்தால் கண்டன்சரைச் சந்தேகிக்கலாம். காயிலின் இரு முனைகளும் இடம் மாறியிருந்தால் வண்டி ஓடத்தான் செய்யும். ஆனால் பிளக்கைத் தாண்டப் பொறிக்குக் கூடுதல் மின்னழுத்தம் வேண்டியிருப்பதால், சுமையேறும்போது மட்டும் மிஸ் அடிக்கும். ஆங்கில மரபில் வந்த பழைய வண்டிகள் பல பேட்டரியின் பாசிட்டிவை எர்த் செய்தவை. நம்மவர்கள் அதை நெகட்டிவாக மாற்றும்போது காயிலை மாற்றிக் கட்டத் தவறிவிடுவதே இந்த மர்மத்தின் மூலம்.

என் சொந்த வண்டி ஒரு மழைக்காலம் முழுவதும் என்னை அலைக்கழித்தது. விளக்கைப் போட்டால் எஞ்சின் தளரும். ஹாரன் அடித்தால் ஒரு துடிப்புத் தவறும். மற்ற நேரங்களில் ஒரு குறையும் இராது. ஜெட்டுகளை மாற்றினேன், பிளக்குகளை மாற்றினேன், காயிலை மாற்றினேன். கடைசியில் ஸ்டார்ட்டர் சுற்றும்போது எஞ்சின் பிளாக்குக்கும் பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் இடையில் மீட்டரை வைத்துப் பார்த்தபோது ஒரு வோல்ட்டுக்கு மேல் காட்டிற்று. அரை வோல்ட்டைத் தாண்டினாலே அது குற்றம். நான் அத்தனை சிரத்தையோடு சேஸிஸுக்குப் பூசிய புதிய பெயிண்டின் மேலேயே எர்த் பட்டையை முடுக்கியிருந்தேன். பெயிண்ட் கரண்ட்டைத் தடுத்துக்கொண்டிருந்தது. உப்புத்தாளால் ஒரு ரூபாய் அகலத்துக்குச் சுரண்டியதும் வியாதி தீர்ந்தது. அழகுபடுத்திக் கட்டிய வண்டிகளில் இக்குற்றம் மிகச் சகஜம் என்பதைப் பின்னர் பலரிடம் கண்டேன்.

எர்த்தைப் பற்றிப் பேசும்போது நம் கடற்கரையை மறக்க முடியாது. குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் பகுதிகளில் கட்டிய வண்டிக்கும் குலசேகரத்தில் கட்டிய வண்டிக்கும் ஒரே நோய்ப் பட்டியல் பொருந்தாது. கடற்காற்றின் உப்பு பேட்டரி முனைகளிலும் டிஸ்ட்ரிப்யூட்டர் மூடியின் உட்புறத்திலும் படிந்து, ஆனியிலும் ஐப்பசியிலும் மழையீரம் சேரும்போது, கரண்ட் ஓடும் வழியாகிவிடுகிறது. மூடியின் உட்புறத்தில் பென்சிலால் கீறியது போன்ற மெல்லிய கரிக்கோடு தென்பட்டால் அந்த மூடியைத் துடைத்துப் பயனில்லை, எறிந்துவிட வேண்டும். கடலோர ஊர்களில் வள்ளங்களின் எஞ்சின்களைப் பார்க்கும் மெக்கானிக்குகளுக்கு இந்த விஷயத்தில் உள்ள அனுபவம் கார் மெக்கானிக்குகளுக்குக் கிட்டாதது. பெட்ரோலில் கிளப்பி மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டும் அவுட்போர்டு எஞ்சின்களை உப்புநீரின் நடுவே உயிரோடு வைத்திருப்பவர்கள் அவர்கள். ஒவ்வோர் இணைப்பிலும் கிரீஸ் பூசி மூடும் அவர்களுடைய வழக்கத்தைக் கார் கட்டுகிறவர்களும் கைக்கொள்ள வேண்டுமென்று மனமார விரும்புகிறேன்.

டைமிங்கைப் பொறுத்தவரை, கலப்பு எஞ்சினில் புல்லியில் உள்ள குறியை நம்பக்கூடாது. புல்லி ஒரு வண்டியினுடையது, டைமிங் மூடி மற்றொன்றினுடையது என்றால் குறி பொய் சொல்லும். முதல் சிலிண்டரின் பிளக் துளையில் தடுப்பு ஒன்றைப் பொருத்தி, பிஸ்டன் அதில் மெல்ல முட்டும்வரை கிராங்கை வலமாகவும் பிறகு இடமாகவும் கையால் திருப்பி, இரண்டு இடங்களுக்கும் நடுவே உண்மையான உச்சியைக் கண்டு புதிய குறி இட்டுக்கொள்ள வேண்டும். அப்படி இட்ட பிறகும் ஸ்லோவில் சரியாகவும் வேகத்தில் மந்தமாகவும் இருந்தால், டிஸ்ட்ரிப்யூட்டருக்குள் இருக்கும் எடைகளும் ஸ்பிரிங்குகளும் வேறோர் எஞ்சினின் குணத்துக்காக அமைந்தவை என்று அர்த்தம். வேக்கம் அட்வான்ஸின் குழாயை வாயால் உறிஞ்சி நாக்கால் அடைத்துப் பார்த்தால் போதும்; உறிஞ்சல் நிற்காவிட்டால் உள்ளே ரப்பர் கிழிந்திருக்கிறது.

இவ்வளவும் முடிந்த பின்னரே பெட்ரோலுக்கு வருகிறோம். இங்கே, பழைய கையேடுகள் எழுதப்பட்ட காலத்தில் இல்லாத ஒரு புதிய காரணம் இப்போது சேர்ந்திருக்கிறது. இந்தியாவின் பெட்ரோல் நிலையங்களில் கிடைக்கும் பெட்ரோலில் எத்தனாலின் பங்கு படிப்படியாகக் கூட்டப்பட்டு 2025-இல் நூற்றுக்கு இருபதை எட்டியது. சுத்தமான பெட்ரோல் ஒரு பங்கு முழுமையாக எரிய ஏறத்தாழ 14.7 பங்கு காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 பங்கே போதும். இருபது சதவீதக் கலவைக்கு அது 13.5 அளவில் வருகிறது. அதாவது, அதே காற்றுக்கு நூற்றுக்கு ஒன்பதளவு அதிக எரிபொருள் ஊற்ற வேண்டும். புதிய கார்களில் எக்ஸாஸ்ட்டில் உள்ள ஆக்சிஜன் சென்சார் இதை உணர்ந்து தானே சரிசெய்துகொள்ளும். ஐம்பது ஆண்டுகளுக்கு முன் துளையிடப்பட்ட பித்தளை ஜெட்டுக்கு அந்த அறிவு கிடையாது. ஆகவே தொழிற்சாலைக் கையேட்டில் கண்ட அளவு ஜெட்டையே போட்டு, எல்லாவற்றையும் சரியாக வைத்தும், எஞ்சின் சூடேறுகிறது, மேட்டில் தயங்குகிறது என்று கலங்குகிறவர்கள் தங்கள் கைத்திறனைச் சந்தேகிக்க வேண்டியதில்லை. சோலெக்ஸ் கார்புரேட்டர் ஜெட்டுகளின் எண் துளையின் விட்டத்தை மில்லிமீட்டரின் நூற்றிலொரு பங்கில் சொல்வது; 120-க்குப் பதில் 125 போட்டால் துளையின் பரப்பு நூற்றுக்கு எட்டரை கூடுகிறது. நமக்கு வேண்டிய திருத்தம் ஏறக்குறைய அதுவே. பிளக்கின் நிறத்தைக் கொண்டு கலவையைக் கணிக்கும் பழைய வழக்கத்திலும் கவனம் வேண்டும். எத்தனால் கலந்த எரிபொருளில், கலவை சரியாக இருக்கும்போதும், முன்பு கண்ட இளம்பழுப்பைக் காட்டிலும் வெளிறிய நிறமே தெரியும்.

எத்தனால் செய்யும் வேறிரண்டு காரியங்களையும் சொல்ல வேண்டும். பெட்ரோல் பம்பின் டயாபிரம், குழாய்கள், கார்புரேட்டரின் ரப்பர் வளையங்கள் ஆகிய பழைய உறுப்புகளை அது ஊறவைத்து இளக்குகிறது. அவற்றை அதற்கேற்ற புதிய ரப்பரில் மாற்றியே ஆக வேண்டும். மேலும் அது காற்றின் ஈரத்தை உறிஞ்சும். ஈரம் அளவு மீறும்போது நீரும் எத்தனாலும் சேர்ந்து பெட்ரோலை விட்டுப் பிரிந்து டாங்கியின் அடியில் தங்கிவிடும். பணம் சேரும்போதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டப்படுகிற கார் ஒரு பருவமழை முழுவதும் கொட்டகையில் பாதி நிறைந்த டாங்கியோடு நிற்கிறது. பிறகு கிளப்பும்போது குழாய் முதலில் உறிஞ்சுவது அந்த அடித்தண்ணீரைத்தான். மாதக்கணக்கில் நிறுத்துவதாயிருந்தால் டாங்கியைக் காலி செய்துவிடுவதே நலம்.

எத்தனால் கலவையை மெலிவாக்குகிறதென்றால், மலையேறும் வண்டிக்கு நேர்மாறான சிக்கல். ஆயிரம் மீட்டர் உயர்ந்தால் காற்றின் அடர்த்தி சுமார் பத்தில் ஒரு பங்கு குறைகிறது. கார்புரேட்டரோ பெட்ரோலை அந்த விகிதத்தில் குறைப்பதில்லை. பாலமோர்ப் பக்கத்துத் தோட்டங்களுக்கு ஏறும் பழைய ஜீப்புகள் மேலே போகப் போகக் கறுப்புப் புகை கக்குவது இதனால். சித்திரை வெயிலில் நின்று கிளம்பும்போது பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகி வண்டி நின்றுவிடுவதும், பம்பின்மேல் ஈரத்துணி போட்டு மீண்டும் கிளப்புவதும் பழைய டிரைவர்கள் எல்லாரும் அறிந்தவை; வீட்டில் கட்டுகிறவர் குழாயை எக்ஸாஸ்ட்டிலிருந்து விலக்கி அமைத்துவிட்டால் அந்தத் துணிக்கு அவசியம் நேராது.

சிலர் கார்புரேட்டரையே விட்டு, விபத்தில் சிக்கிய புதிய காரின் இன்ஜெக்‌ஷன் எஞ்சினை ஜீப்பில் ஏற்றுகிறார்கள். அங்கும் மூச்சு, கரண்ட், பெட்ரோல் என்ற வரிசை மாறுவதில்லை. எர்த்தின் முக்கியத்துவம் மட்டும் பல மடங்காகிறது, ஏனெனில் சென்சார்களின் பேச்சில் ஒரு வோல்ட்டின் சிறு பின்னமும் பொருளை மாற்றிவிடும். எவ்வகை எஞ்சினை மாற்றினாலும், 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவின்படி, நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ உள்ள பதிவு அதிகாரியின் அனுமதி பெற்று ஆர்.சி. புத்தகத்தில் பதிவு செய்தாக வேண்டும். உற்பத்தியாளர் வகுத்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றலாகாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் உறுதிப்படுத்தியிருப்பதால், வேலையைத் தொடங்கும் முன்பே இதை விசாரித்துக்கொள்வது நல்லது.

இந்த விசாரணை முழுவதிலும் வேண்டிய கருவிகளுள் தலையாயது ஒரு நோட்டுப் புத்தகம். ஒரு நேரத்தில் ஒன்றையே மாற்ற வேண்டும். மாற்றியதை, மாற்றும் முன் இருந்த அளவோடு எழுதி வைக்க வேண்டும். பயனில்லையென்றால் பழைய இடத்துக்கே திருப்பி வைத்துவிட்டு அடுத்ததற்குப் போக வேண்டும். பாயிண்ட்டையும் ஜெட்டையும் ஒரே மாலையில் மாற்றி, வண்டி நன்றாக ஓடினாலும் எதனால் ஓடியதென்று அறியாதவர், அடுத்த முறை அதே இருட்டிலிருந்துதான் தொடங்குவார்.

கொட்டகையில் நின்றபடி ஒழுங்காக ஓடும் எஞ்சின், சுமையை ஏற்றும்போது என்ன செய்கிறது என்பதே முடிவான பரீட்சை. பெரிய நகரங்களில் இதற்கு உருளைகளின்மேல் வண்டியை நிறுத்தி அளக்கும் யந்திரம் இருக்கிறது. நமக்கு ஆரல்வாய்மொழிக் கணவாய் இருக்கிறது. ஆனி, ஆடி மாதங்களில் மேற்கிலிருந்து அந்தக் கணவாயைக் கிழித்துக்கொண்டு வந்து முப்பந்தல் காற்றாலைகளைச் சுழற்றும் காற்றுக்கு எதிராக, முப்பந்தலிலிருந்து தோவாளையை நோக்கி டாப் கியரில் ஓட்டிப் பாருங்கள். மணிக்கு 60 கிலோமீட்டரில் போகும் வண்டிக்கு எதிரே 40 கிலோமீட்டர் வேகக் காற்று வீசினால், வண்டி உணரும் காற்றுத்தடை ஏறக்குறைய மூன்று மடங்காகிறது. சமதரையிலேயே ஒரு மலை ஏறிய சுமை கிடைத்துவிடுகிறது. கண்ணாடிகளை ஏற்றிவிட்டு ஆக்சிலேட்டரை மெல்ல அழுத்தினால், டைமிங் முந்தியிருந்தால் எஞ்சினுக்குள்ளிருந்து சோளம் பொரிவது போன்ற சிறு ஒலி கேட்கும். கேட்ட இடத்தில் வண்டியை ஓரமாக நிறுத்தி, டிஸ்ட்ரிப்யூட்டரை ஒரு நூலளவு பின்னுக்குத் திருப்பி, நோட்டில் எழுதிக்கொண்டு, முப்பந்தலுக்குத் திரும்பிப்போய் மறுபடியும் அதே பாதையில் வர வேண்டும். நான் என் வண்டியை அவ்வாறு ஏழு முறை ஓட்டினேன். ஏழாவது முறை தோவாளைப் பூச்சந்தை வரை அந்த ஒலி கேட்கவில்லை.